இடைநிலை நோய்க்குறித்தொகுதி

இடைநிலை நோய்க்குறித்தொகுதி என்பது, சேதனப் பொசுபரசு வகைக் கிருமிநாசினி உடலில் சேர்ந்தவருக்கு, நஞ்சின் முதல் தாக்கம் தணிந்தபின், ஏறத்தாழ 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் தோன்றி, கழுத்து, தோள், தொடைத் தசைகளோடு மூச்சுத் தசைகளையும் செயலிழக்கச் செய்யும் வாதமாகும். இலங்கை மருத்துவர்களான நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகியோர் 1987இல் இதனைத் தனி நோய்நிலையாக வரையறுத்தனர். அவர்கள் விவரித்த 10 நோயாளருள் நால்வருக்கு அவசரமாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது, மூவர் இறந்தனர்.

நரம்பு முனையில் சுரந்து தசையைச் சுருங்கச் செய்யும் அசற்றைல்கோலினை உடனுக்குடன் சிதைக்கும் நொதியத்தை இந்நஞ்சு முடக்குகிறது. அதனால் முதலில் எச்சிலும் வியர்வையும் பெருகி, கண்மணி சுருங்குகிறது. இக்கட்டத்தை அத்திரோப்பீன் என்னும் மருந்து தணித்தாலும், பின்னர் வரும் வாதத்தை அது மாற்றுவதில்லை. 1977–78இல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், பூப்பெய்திய சிறுமியர் அருந்திய நல்லெண்ணெயில் திரைகிரசைல் பொசுபேற்று என்னும் சேதனப் பொசுபரசுச் சேர்வை கலந்திருந்ததால் ஏற்பட்ட நரம்பு நோய், சேனாநாயக்கவே ஆராய்ந்ததாயினும், வேறானது. அது கைகால்களின் நுனிப்பகுதியையே முக்கியமாகத் தாக்கியது.

தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமையே பெரும்பாலும் முதல் எச்சரிக்கையாகும். அடுத்துப் பிரிமென்றகடு, அதாவது நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் மூச்சுத் தசை, தளர்கையில் மூச்சு ஆழங்குறைந்து விரைவாகிறது, இருமல் வலுவிழக்கிறது. ஒட்சிசன் கொடுக்கப்படும் நோயாளியின் விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி நல்ல அளவைக் காட்டிக்கொண்டிருக்கவே இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறிவிடலாம் என்பதால், அதை மட்டும் நம்புவது ஆபத்தானது. மூச்சுக்குழாயில் குழாயிட்டு, சுவாச இயந்திரத்தோடு இணைத்து, சளியை உறிஞ்சியெடுத்து, தசைகள் மீளும்வரை காத்திருப்பதே சிகிச்சை. 1987 ஆய்வில் வாதம் 18 நாள்வரை நீடித்தது. நினைவு தெளிந்திருந்தும் பேச முடியாத நோயாளிக்கு நடப்பதை அவரது மொழியில் சொல்வதும் பராமரிப்பே. தமிழ் பேசும் ஊழியர் இல்லாத இடத்தில், தோட்டத் தமிழர் விடயத்தில் இது சிறிய காரியமன்று.

மலையகத்தில், எடுத்துக்காட்டாக, சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து நோயாளி மஸ்கெலியாவுக்கும், அங்கிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ அதற்கப்பாலோ மலைப்பாதையில் செல்ல வேண்டியிருப்பதால், மூச்சு தளரத் தொடங்குமுன்பே, கையால் அழுத்தும் சுவாசப் பையால் மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் துணையோடு அனுப்புவது அவசியம். 1987 ஆய்வில் இடம்பெற்ற மொனோகுறொட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகிய கிருமிநாசினிகள் 1995இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. எனினும் இவ்வகை நஞ்சு சேர்ந்த எவரையும், தேறியவராகத் தோன்றினாலும், நான்கு நாள் முடியுமுன் கண்காணிப்பிலிருந்து விடுவிப்பது தவறு.