சாட்சி பிறந்த கதை

1946 ஜனவரி 28. நூரம்பெர்க் நீதிமன்றத்தில் மரி குளோத் வையான் கூத்தூரியே என்ற பிரெஞ்சுப் பெண் சாட்சி சொல்ல வந்தார். ஆஷ்விட்ஸ், ராவென்ஸ்ப்ரூக் என்ற இரண்டு வதைமுகாம்களில் கிடந்து மீண்டவர். அவரோடு ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்ட பெண்கள் 230 பேர். திரும்பியவர்கள் 49 பேர். அவர் பேசி முடித்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அத்தனையும் பட்டவருக்கு உடம்பு இவ்வளவு நன்றாக இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டார். விடுதலையாகி ஒரு வருடம் ஆகிறது என்றார் அவர்.

லா என்ற பிரெஞ்சு ஆளுநரின் பெயரைச் சுமக்கும் புதுச்சேரியின் எங்கள் லாஸ்பேட்டையும் அன்று பிரான்சின் கொடிக்குக் கீழேதான் இருந்தது. மரி குளோத் பிரான்சின் தரப்புச் சாட்சி. அந்தக் கேள்வி நம் பக்கத்து மனுஷியிடம் கேட்கப்பட்டது போலவே எனக்குப் படுகிறது.

நூரம்பெர்க் பெரிதும் நம்பியது நாஜிகளின் காகிதங்களை. பிழைத்தவர்களே வழக்கைச் சுமந்தது 1961இல், ஜெருசலேமில் நடந்த நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணையில். அரசு வழக்கறிஞர் கிடியோன் ஹவுஸ்னர் நூறு பேருக்கு மேல் கூண்டேற்றினார்.

நம் மண்ணில் அப்படி ஒரு சாட்சியம் பிறந்த இடம் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். லட்சக்கணக்கில் கொன்ற முகாம்களுக்கு அதை இணை வைக்கவில்லை. பட்டவர் வாய் திறந்து, அதை நீதிமன்றம் நம்பும் வரை கடக்க வேண்டிய தூரம்தான் என் மனசை அறுக்கிறது.

1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஊருக்குள் இறங்கினார்கள். சனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். பதுக்கிய கட்டையைக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகிற சிறுமியும் உண்டு. பிறகு அரூர் வனத்துறை அலுவலகம், அங்கிருந்து சேலம் சிறை. அடித்தவனே போலீஸ் என்றால் புகாரை யாரிடம் கொடுப்பது? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் கடத்தல்காரர்கள் என்ற பெயரில் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும் தோழர்களும் ஊருக்குள் போனபோது ஆளே இல்லை. உடைந்த வீடுகள், பாழாக்கப்பட்ட கிணறு. ஊர்க்காரர்களைத் தேடி அவர்கள் கேட்கப் போய்த்தான் பேச்சு மெல்ல வெளியே வந்தது. சாட்சி பிறந்தது அந்தப் பேச்சில்தான் என்பேன். கூண்டெல்லாம் வெகு பின்னால். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் வழக்குப் போட்டார். முதலில் உயர் நீதிமன்றம் நம்பவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பிய பிறகு, 1995இல்தான் சிபிஐ வந்தது.

அந்தப் பெண்கள் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! சங்கத்தாரிடம், விசாரிக்க வந்த ஆணையத்திடம், சிபிஐயிடம், நீதிபதியிடம். ஒவ்வொரு முறையும் அந்த ஏரிக்கரைக்கு மனசால் திரும்ப நடந்தாக வேண்டும். சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், சிலர் பாட்டிகளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது.

தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2023 மார்ச் 4 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்தார். முப்பது வருடமாகப் படியேறிப் படியேறிச் சொன்னவர்களின் ஊருக்கு, கேட்பவரே நடந்து வந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று எழுதினார்.