மரக்கால் யார் கையில்?

தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தை ஒட்டிச் சுற்றி வருகிறவர் சற்று நின்று கல்லைத் தடவிப் பார்த்தால் விரல் நுனியில் எழுத்து தட்டுப்படும். வரி வரியாக ஓடும் அந்தச் சோழர் காலத் தமிழில் அரசனின் புகழ் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. பிறகு வருவதில் பெரும்பகுதி கணக்கு. எந்த ஊர்ச் சபை கோயிலிடம் எத்தனை காசு வாங்கியது, வட்டி எவ்வளவு, அதை நெல்லாக அளப்பதா காசாகக் கொடுப்பதா, அந்த வட்டியிலிருந்து எந்தத் திருமேனிக்கு எத்தனை நாழி அரிசி என்று உழக்கு வரை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு காசுக்கு ஆண்டுக்கு 3 குறுணி நெல் வட்டி. காசாகவே தருவதானால் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. 12 குறுணி ஒரு கலம். ஆகவே 500 காசு வாங்கிய சபை ஆண்டுதோறும் 125 கலம் நெல் அளந்தாக வேண்டும். கோயிலில் ஆடிப்பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் தலா ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தானும் தமக்கை குந்தவையும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். விமானத்தின் உச்சியில் செப்புக் குடம் ஏறியது 1010இல். வாங்கிய சபைகளும் கொடுத்த அரசும் போய்விட்டன. அந்தக் கடன் கணக்கை இன்றும் எவரும் போய்ப் படிக்கலாம்.

கணக்கை ஒருவர் பெட்டிக்குள் பூட்டிக்கொள்ளாமல் ஊரறிய எழுதுவது, எழுதியதை எவரும் அழிக்க முடியாதபடி செய்வது. 2009 ஜனவரி 3ஆம் தேதி தொடங்கிய பிட்காயின் உலகத்துக்குக் கொடுத்த வாக்கும் இதுவே. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் அதை அமைத்தவர் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. அவர் வகுத்த விதிப்படி 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் உருவாகாது. எந்த அரசும் கூடுதலாக அச்சிட முடியாது. கணக்கேட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. இதை வானத்திலிருந்து குதித்த புதுமையாகப் பார்க்கிறவர்கள் காவிரிக் கரையின் பண வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. இங்கே காசு மாறியபோதெல்லாம் அளக்கும் கையும் கூடவே மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் யார் நெல் யார் குதிருக்குப் போனது என்பதுதான் இந்த மண்ணின் கதை.

பெரிய கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். கூத்தாடும் இறைவனின் பெயர் அது. அரசு மரக்காலான ராஜகேசரிக்கு அது சமம் என்றும் கல்வெட்டே சொல்கிறது. பொன் நிறுத்த எடைக்கல்லும் ஆடவல்லான்தான். நகை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று வேறு பெயர். அளவைக்கு இறைவன் பெயரை வைத்ததில் பக்தி உண்டு, பயமும் உண்டு. அந்த மரக்காலில் கை வைப்பவன் யாரை ஏமாற்றுகிறான் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

பயப்படக் காரணமும் இருந்தது. காசுகள் பலவிதம். ஈழக்காசு என்றும் பழங்காசு என்றும் கல்வெட்டுகள் பிரித்துப் பிரித்துச் சொல்கின்றன. பிற்காலச் சோழர் ஆவணங்களில் ‘அன்றாடு நற்காசு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைய தேதியில் செல்லுபடியாகும் நல்ல காசு என்று பொருள். நிலம் விற்கிறவர் தன் கைக்கு வருவது கெட்ட காசாக இருந்துவிடக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார். காசைச் சோதிப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல முத்திரைக்கு ஆயுளும் அதிகம். நிற்கும் உருவம் ஒருபுறம், அமர்ந்த உருவம் மறுபுறம் என்ற ராஜராஜன் காசின் அமைப்பை, சோழர் ஆட்சி இலங்கையைவிட்டுப் போன பின்னும் பராக்கிரமபாகு முதலான சிங்கள மன்னர்கள் தங்கள் செப்புக் காசுகளில் விடாமல் வைத்திருந்தார்கள்.

அதே கல்வெட்டுகளில் இன்னொரு வியப்பு இருக்கிறது. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்குப் பெரிய கோயிலில் 96 ஆடு கொடுப்பார்கள். பசுவானால் 48, எருமையானால் 16. இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நெய் அளப்பார். சோழர் கல்வெட்டுகள் இப்படிப்பட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. மந்தையில் ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும். கணக்கில் உள்ள ஆடு மட்டும் சாவதில்லை, மூப்படைவதில்லை, எண்ணிக்கை ஒன்றும் கூடுவதில்லை, குறைவதில்லை. கண்ணால் காணும் ஆட்டிலிருந்து கணக்கில் மட்டும் வாழும் ஆட்டைப் பிரித்தெடுத்த அந்த எண்ணம், கையில் பிடிக்க முடியாத நாணயத்தை 2 கோடியே 10 லட்சத்தில் நிறுத்திவைக்கும் எண்ணத்துக்கு வெகு தொலைவில் இல்லை. ஒரு வேறுபாடு உண்டு. சாவா மூவா ஆட்டுக்குப் பின்னால் பதில் சொல்ல ஓர் இடையர் இருந்தார். நெய் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியும்.

பிறகு கடற்கரை வழியாக வேறு கைகள் வந்தன. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் ஈயத்திலும் செம்பிலும் காசு வார்த்தார்கள். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்த டச்சுக்காரர்கள் அங்கே பொன் வராகன் அடித்தார்கள். உள்ளே மராத்தியர் ஆட்சியில் சக்கரமும் பணமும் ஓடின. ஒரு நாள் நடையில் ஒரு வியாபாரி மூன்று நான்கு அரசுகளின் நாணயங்களைக் கையாள வேண்டியிருந்தது. நடுவில் உட்கார்ந்து வட்டம் பிடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்த சராப்புக்கு நல்ல காலம்.

அந்தக் குழப்பத்தை ஆங்கிலேயர் ஒழித்தார்கள். 1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் போய் வெள்ளி ரூபாய் நிலைத்தது. 1835இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய். 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சேராம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்குக் கைமாறின. விளைச்சலில் பங்காக நெல்லை வாங்கிய அரசு போய், கிஸ்தியைப் பணமாகக் கேட்கும் அரசு வந்தது. நெல்லில் பங்கு என்றால் விளைச்சல் குறைந்தால் வரியும் குறையும். பணக் கிஸ்திக்கு வானமும் தெரியாது, சந்தையும் தெரியாது. அறுவடை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கும்போது விலை இறங்கத்தான் செய்யும். கிஸ்தி கட்ட வேண்டியவன் காத்திருக்க முடியாது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது இது கழுத்தை இறுக்கியது. பர்மா அரிசியும் வந்து இறங்கியது. கடன் மட்டும் பழைய ரூபாயிலேயே நின்றது. அந்தச் சுமையைக் குறைக்க 1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

ரூபாய் வந்த பின்னும் பண்ணையாளின் கூலி நெல்லாகவே இருந்தது. மிராசுதார் வீட்டில் நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் என்ற வழக்கு டெல்டாவில் முதியவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் சேரி சேரியாகப் போய் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது, தண்டனையாகத் தந்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்ற முழக்கத்தோடு முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் கேட்கப்பட்டது. ஆடவல்லான் என்று பெயர் சூட்டிய அதே மண்ணில், அளவை சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கே சங்கம் தேவைப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு என்று ஊர்கள் இன்றும் சொல்கின்றன. பண வரலாற்றை நாணயப் படங்களோடு முடித்துக்கொள்கிறவர்கள் இந்தக் குடிசைக்கும் வர வேண்டும். படி, மரக்கால், கலம் என்ற சொற்களுக்கு இங்கே ரத்தம் தோய்ந்த பொருள் உண்டு.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்கள் வேறொரு பாடம் படித்தார்கள். 1942இல் ஜப்பானியர் அங்கே தங்கள் நோட்டை இறக்கினார்கள். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் அச்சிட்டிருந்ததால் அதற்கு வாழைமர நோட்டு என்றே பெயர் விழுந்தது. 1945இல் ஜப்பான் தோற்றதும் அது வெறும் காகிதம். ஓர் அரசின் தோல்வி ஒரு தொழிலாளியின் தகரப்பெட்டிச் சேமிப்பை ஒரே நாளில் அழித்துவிடும் என்பதை நேரில் கண்டவர்கள் அவர்கள். அரசையும் வங்கியையும் தாண்டிப் பணம் அனுப்ப உண்டியல் என்ற வழியும் கடல் கடந்த தமிழர்களுக்குப் பழக்கமானது. அங்கே டாலரைக் கொடுத்தால் இங்கே வீட்டுக்கு ரூபாய் வந்து சேரும். நடுவில் சீட்டும் இல்லை, ரசீதும் இல்லை, வாய்ச்சொல் மட்டும். சட்டம் அதைக் குற்றம் என்கிறது. ஆனாலும் எல்லை தாண்டும் பணத்துக்கு அரசும் வங்கியும் வேண்டாம் என்ற ஆசை கணினிக்கு முன்பே பிறந்தது என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு ஆசை, பணத்தை நம் ஊர்க்காரர் கையில் வைப்பது. 1904 அக்டோபர் 31 அன்று கும்பகோணம் பாங்க் லிமிடெட் பதிவானது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான். தேதி ஒற்றுமை தற்செயல்தான், ஆனாலும் குறிப்பிடத் தோன்றுகிறது: பிட்காயினை முன்மொழிந்த கட்டுரை வெளியானது 2008 அக்டோபர் 31. இரண்டுக்குமே அருகில் ஒரு நிதி நெருக்கடி இருக்கிறது. 1906இல் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியை உருவாக்கியது அந்த இடிபாட்டிலிருந்துதான். கும்பகோணத்து வங்கி ஊர் வங்கி என்றாலும் காலம் அதை உலகக் கம்பியில் கட்டிவிட்டது. 2018 பிப்ரவரியில் சிட்டி யூனியன் வங்கியின் கணினிக்குள் நுழைந்த திருடர்கள், சர்வதேச ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று தவணையாக வெளிநாட்டு வங்கிகளுக்கு அனுப்பப் பார்த்தார்கள். ஒரு பகுதி வழியிலேயே தடுக்கப்பட்டது. காவிரிக் கரையில் தொடங்கிய வங்கியின் பெட்டகத்துக்கு வாசல் எந்த நாட்டில் இருக்கிறது என்று சொல்ல முடியாத காலம் இது.

அரசின் பணமும் அசையாதது இல்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆயின. ஆறே நாளில், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னது. டெல்டாவில் அப்போது சம்பாப் பருவம். விதைக்கும் உரத்துக்கும் விவசாயி போய் நிற்பது கூட்டுறவுச் சங்கத்து வாசலில்தான். மழையும் பொய்த்த ஆண்டு அது.

இப்படி அடிபட்ட மக்களுக்கு, எந்த அரசும் தொட முடியாத நாணயம் என்ற சொல் இனிப்பாகத்தான் இருக்கும். இந்திய அரசின் நிலை பல திருப்பங்கள் கண்டது. 2018 ஏப்ரலில் வங்கிகள் கிரிப்டோ வணிகத்துக்குச் சேவை செய்யக் கூடாது என்றது ரிசர்வ் வங்கி. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் லாபத்துக்கு 30 சதவீத வரியும் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 1 சதவீதப் பிடித்தமும் வந்தன. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயைச் சோதனையாக வெளியிட்டது. அது வேறு சங்கதி. கணினியில் பிறந்தாலும் அதன் மரக்கால் அரசின் கையில்.

அரசின் கையில் இல்லாதது யார் கையில்? 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்தியப் பரிமாற்றத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. பிளாக்செயின் என்ற சங்கிலிக் கணக்கை எவரும் உடைக்கவில்லை. தங்கள் நாணயத்தைப் பிறர் பெட்டகத்தில் வைத்தவர்கள்தான் நட்டப்பட்டார்கள். சென்னைக்காரர் ஒருவர் வழக்கு போட்டார். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்துதான், அதைப் பிறருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்க முடியும் என்று சொன்னார். கோயில் பண்டாரமும் ஊர்ச் சபையும் காசு வாங்கியபோது கல்லில் வெட்டிக்கொண்ட அதே கடமை, வைத்திருப்பவன் பதில் சொல்ல வேண்டும் என்ற கடமை, புதிய மொழியில் திரும்பி வந்திருக்கிறது.

தை மாதத்தில் ஒரத்தநாட்டுப் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றுக்குப் போனால் களத்தில் நெல் மலை மலையாகக் குவிந்திருக்கும். ஈரப்பதமானியில் ஒரு கைப்பிடி போட்டுப் பார்ப்பார்கள். 17 சதவீதம் தாண்டினால் மீண்டும் காய வைக்க வேண்டும். பனி பெய்தால் அந்த எண் இறங்காது. 40 கிலோ சிப்பமாகக் கட்டித் தராசில் ஏற்றுகிறார்கள். பணம் கையில் வருவதில்லை, வங்கிக் கணக்கில் ஏறிக் கைபேசியில் குறுஞ்செய்தியாக வருகிறது. மூட்டைகளோடு இரண்டு இரவு படுத்திருந்த விவசாயி கைபேசியை அப்புறம்தான் எடுக்கிறார். முதலில் தராசின் பக்கம் குனிந்து, அதில் தொழிலாளர் துறை அடித்த முத்திரை இந்த ஆண்டுடையதுதானா என்று படிக்கிறார்.