இலவம் பஞ்சும் மலைக்காலணியும்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலைத் தொடர் எழுந்து நிற்கிறது. குருமலை, குழிப்பட்டி போன்ற மலையூர்களின் மக்கள் தலைமுறைகளாக அதன் சரிவுகளில் ஏறி இறங்குபவர்கள். அங்கே காலுக்குப் பகை கல்லும் முள்ளும் மழைக்கால அட்டையும்தான். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2695 மீட்டர்தான். நிலைத்த பனி அங்கு இல்லை. ஆகவே பனிமலைக்கான காலணி என்ற ஒன்றை நம் மலைகள் நம்மிடம் கேட்டதேயில்லை. இமயம் செல்லும் நம்மவர் அதைத் தேர்ந்தெடுக்க முற்படும்போது பிறர் பட்ட பாடுகளின் வரலாற்றையே நாடவேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையேறிகள் அணிந்தவை, அடியில் இரும்பாணிகள் அறைந்த தோல் பூட்ஸ்கள். 1924ல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் உடல் 1999ல் கண்டெடுக்கப்பட்டபோது அத்தகைய ஆணிக்காலணி ஒன்று அவர் காலில் இருந்தது. ஆணி பனியில் வழுக்காது. ஆனால் குளிரைக் காலுக்குக் கடத்தும். பாறை ஏறவும் தோதுப்படாது.

1935ல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு மலையேறிகள் பனிப்புயலில் சிக்கி இறந்தனர். அவர்களின் நண்பரான வித்தாலே பிரமானி, அவர்களது காலணியும் அச்சாவுக்கு ஒரு காரணம் என்று கருதினார். பாறைக்கும் பனிக்கும் ஒருசேரப் பொருந்தும் பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடிப்பாகத்தை பிரெல்லி நிறுவனத்தின் உதவியுடன் 1937ல் உருவாக்கினார். அவருடைய பெயரிலிருந்து பிறந்ததே ‘விப்ரம்’. இன்றைய மலைக்காலணிகள் பலவற்றின் அடியில் காணும் பெயர் அது.

வழுக்கலுக்கு விடை கிடைத்தது, குளிருக்குக் கிடைக்கவில்லை. 1950ல் அன்னபூர்ணா உச்சியைத் தொட்ட எர்சோக், லாஷெனால் இருவரும் பனிக்கடியில் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தனர். 1953ன் பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுவுக்கென உருவான காலணியில் மெல்லிய தோல்களுக்கு நடுவே ஏறத்தாழ ஓர் அங்குல கனத்துக்கு இலவம் பஞ்சு அடைக்கப்பட்டது. நம் தலையணையில் இருக்கும் அதே பஞ்சு! அதன் இழை உள்ளீடற்றது. காற்றைத் தேக்கி வைக்கும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் எளிதில் நீர் உறிஞ்சாது.

ஆயினும் கடைசி முகாமில் ஹிலாரி இரவில் கழற்றி வைத்த காலணிகள் விடியும்போது கல்லாக உறைந்திருந்தன. ஸ்டவ்வில் இரண்டு மணிநேரம் வாட்டிய பிறகே அவரால் அணிய முடிந்தது. டென்சிங் தம்முடையதைக் கழற்றாமலேயே உறங்கியிருந்தார். உயரத்தில் காலின் முதல் எதிரி குளிரன்று, ஈரம்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எது சொல்லும்?

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1962 அக்டோபரில், நம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படையை எதிர்கொண்ட இந்திய வீரர்கள் பலர் பருத்திச் சீருடையிலும் கேன்வாஸ் காலணியிலும் நின்றார்கள். அப்பாடம் அதற்குள் உலகறிந்த ஒன்று. அதைக் கேளாதிருந்ததன் விலையை அவ்வீரர்கள் கொடுத்தார்கள்.

இவ்வரலாற்றிலிருந்தே தேர்வு பிறக்கிறது. கணுக்காலை மூடும், நீர் புகாத, ஆழப் பள்ளமுள்ள ரப்பர் அடி கொண்ட பூட்ஸ் சாதாரண இமய நடைக்குப் போதும். பனிச்சிகரங்களுக்கு உள்ளுறை தனியே கழலும் இரட்டைக் காலணி வேண்டும். உள்ளுறையைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் ஹிலாரிக்கு நேர்ந்தது நேராது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், கம்பளிக் காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்கவேண்டும். இறக்கத்தில் விரல்நுனி முன்புறம் இடிக்கக் கூடாது. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே திருமூர்த்தி மலைப்பக்கம் நடந்து அதைக் காலுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

காலுறையையும் காலணியின் பகுதியாகவே கருதவேண்டும். பருத்தியால் வாழும் வட்டாரம் இது. வியர்வையை உறிஞ்சும் குணத்தாலேயே நம் வெயிலுக்குப் பருத்தி உகந்ததாயிற்று. பனியில் அக்குணமே ஈரத்தைக் காலோடு கட்டிவைக்கிறது. நம் ஊர்ப் பனியனும் பருத்திக் காலுறையும் இமயத்தின் அடிவாரம் வரை நம்மோடு வரலாம். அதற்கு மேல் கம்பளிதான்.