பெர்ணம் ஆற்றில் கயாக் மீன்பிடிப்பு: முதலில் நீர் ஏற்றத்தைப் பாருங்கள்

ஹுத்தான் மெலிந்தாங் - பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆறு, இவ்வூரைத் தொட்டுச் சென்று மலாக்கா நீரிணையில் கலக்கிறது. உடாங் காலா, சியாக்காப் தேடி இங்குக் கயாக் இறக்குவோர் முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏற்ற இறக்க அட்டவணை.

நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றும். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆற்றுக்குள் ஏற்றம் இன்னும் தாமதமாக வரும். எவ்வளவு என்பதை உள்ளூர் மீனவர்களிடம் கேட்பது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும்.

ஏற்றத்தோடு ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்று, வற்றத் தொடங்கியதும் திரும்புவதே எளிது. வற்றும்போது கடல் பக்கம் சென்றவர் துடுப்பு போட்டுத் திரும்புவது கடினம். முழுதும் வற்றிவிட்டால் கரையோரம் சேறுதான். இறங்கினால் கால் புதையும். எனவே, கரையேறும் இடத்தை நீர் வற்றிய நேரத்தில் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

இவ்வாற்றில் முதலைகள் உண்டு. கை கால்களை நீரில் தொங்கவிடுவதும், பிடித்த மீனைக் கயாக்கின் ஓரம் கட்டி இழுத்து வருவதும் ஆபத்து. இருட்டும் முன் கரையேறிவிட வேண்டும்.

உயிர்காப்பு அங்கி கட்டாயம். கைப்பேசியை நீர் புகாத பையில் வைக்கவும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் சென்றால், தாமதமானால் வீட்டார் உடனே 999-ஐ அழைக்க முடியும்.