யார் கையில் கேமரா, யார் முன்னால் திரை: தமிழகத்தில் இயக்க ஆவணப்படம் நடந்த பாதை

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று நீளும் தொழிற்பட்டையில் கார் முதல் கைபேசி வரை எல்லாம் உருவாகின்றன. நோக்கியா 2006இல் இங்கே ஆலை திறந்து 2014 நவம்பரில் மூடியது. இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்தித் தருகிறது. அந்த வரிசைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள். ஒரு காலத்தில் ஆவணப்படக்காரர்கள் இரவல் வாங்கித் திரிந்த கேமரா, இன்று அவர்கள் ஒவ்வொருவர் பையிலும் கிடக்கிறது.

அப்படியானால் மக்கள் போராட்டங்களோடு சேர்ந்து நிற்கும் இயக்க ஆவணப்படம் என்ற வடிவத்துக்கு இங்கே இனியும் வேலை உண்டா? அந்த வடிவம் வளர்ந்த வழியைப் பார்த்தால் உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். கேமரா மலிவாகிக்கொண்டே வந்த ஒவ்வொரு கட்டத்திலும் படத்தின் பலம் வேறொன்றில் இருந்தது: அதை யார் முன்னால், எந்த இடத்தில், எத்தகைய பேச்சோடு திரையிட்டார்கள் என்பதில்.

அரசின் குரலிலிருந்து விலகி

தமிழில் ஆவணப்படம் ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தில் தொடங்கியது. ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றி, பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடிச் சேர்த்து, 1940இல் காந்தியைப் பற்றிய படத்தை வெளியிட்டார். விடுதலைக்குப் பின் 1948இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது. திரையரங்கில் படம் போடுவதற்கு முன் அணைக்கட்டும் ஐந்தாண்டுத் திட்டமும் ஓடின. ஆவணப்படம் என்றால் அரசு பேசுவது என்றே ஒரு தலைமுறை பழகிப்போனது.

அந்தப் பழக்கத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் ஆனந்த் பட்வர்தன். 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் பீகாரில் எழுந்த இயக்கத்தை அவர் சூப்பர் 8 கேமராவில் எடுத்தார். அந்தச் சிறு சுருளைத் திரையில் ஓடவிட்டு, ஓடும் படத்தை 16 மி.மீ. கேமராவால் மறுபடி படம்பிடித்தார். 'கிராந்தி கி தரங்கே' உருவானது இப்படித்தான். நெருக்கடி நிலை வந்ததும் படம் தலைமறைவானது. பிரதியைத் துண்டு துண்டாக்கி வெளிநாட்டுக்குக் கடத்தி, அங்கே மீண்டும் ஒட்டினார்கள்.

எண்பதுகளில் இரண்டு முயற்சிகள் தென்னிந்தியாவுக்கு வழிகாட்டின. தீபா தன்ராஜ் முதலானோர் 1980இல் தொடங்கிய யுகாந்தர் குழு, நிப்பாணி புகையிலை ஆலைப் பெண் தொழிலாளர்களின் போராட்டத்தை அவர்களோடு சேர்ந்தே படமாக்கியது. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை'யை இயக்கிய ஜான் ஆபிரகாம், 1984இல் கேரளத்தில் ஒடெஸ்ஸா என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் படம் காட்டி, பார்த்தவர்களிடமே காசு வசூலித்து 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். அது கதைப்படம்தான். ஆனாலும் பார்வையாளரே தயாரிப்பாளர் என்ற அந்த ஏற்பாடு, பின்னால் வந்த ஆவணப்பட இயக்கங்களுக்குப் பாடமாக அமைந்தது.

வீடியோ வந்த பிறகு

ஃபிலிம் சுருளின் விலையும் லேபின் கட்டணமும் பலரைத் தள்ளியே நிறுத்தியிருந்தன. தொண்ணூறுகளில் வீடியோ அந்தத் தடையைத் தாழ்த்தியது. கல்யாண வீடியோ எடுக்கும் கடை சிற்றூர்களிலும் முளைத்தது. கேமராவும் அதை இயக்கத் தெரிந்தவரும் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தார்கள்.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது. தாமிரபரணி ஆற்றில் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன், இந்தப் படுகொலையை 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக்கினார். ஆற்றுக்குள் விரட்டப்படும் மனிதர்களைப் பார்த்தவர்களுக்கு 'தவறி விழுந்து மூழ்கினார்கள்' என்ற விளக்கத்தை அப்படியே விழுங்க முடியவில்லை. நீதிமன்றத்துக்கும் செய்தித்தாளுக்கும் வெளியே, அரங்கக் கூட்டங்களில் ஒரு மாற்றுச் சாட்சியமாக அந்தப் படம் உலவியது.

மதுரையில் ஆர்.பி. அமுதன் இன்னொரு திசையில் போனார். அவருடைய 'பீ' (2003), மதுரைத் தெரு ஒன்றில் மனிதக் கழிவை அன்றாடம் அள்ளும் பெண் பணியாளரைப் பின்தொடர்கிறது. துடைப்பம் தரையில் உரசுவதும், அள்ளியதைக் கொட்டுவதும், மறுபடி குனிவதும் அருகிலிருந்து காட்டப்படுகின்றன. பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைக்கும் இடத்தில் கேமரா நகராமல் நிற்கிறது. அதனாலேயே படம் முடிந்ததும் விவாதம் கலை பற்றி நிற்காமல் சாதிக்குப் போய்ச் சேர்ந்தது. செருப்புத் தைக்கும் அருந்ததியக் கிறித்தவர்கள் பற்றிய 'செருப்பு', கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் தொட்ட 'கதிர்வீச்சுக் கதைகள்' ஆகியவை தொடர்ந்தன. படம் எடுத்ததற்கு இணையாக அவர் செய்த வேலை, 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவந்தது. திரையரங்கும் தொலைக்காட்சியும் தொடாத படங்களுக்கு அது ஒரு முகவரி தந்தது.

சான்றிதழும் யூடியூபும்

திரையிடலில்தான் பலம் என்பதை ஆட்சியாளர்களும் அறிந்திருந்தார்கள். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொது இடத்தில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2004 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் சான்றிதழோடு வர வேண்டும் என்று நிபந்தனை வந்தபோது, நாடெங்கிலும் உள்ள ஆவணப்படக்காரர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். விழாவில் இடம் மறுக்கப்பட்ட படங்களைக் கொண்டு 'விகல்ப்' என்ற மாற்றுவிழாவை அதே நாட்களில் அருகிலேயே நடத்திக் காட்டினார்கள்.

தமிழகத்தில் இந்த மோதல் உச்சம் தொட்டது திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) படத்தில். 2015இல் மதுரையில் பாதாளச் சாக்கடையில் இறங்கிய தொழிலாளர்கள் இறந்தது அவரை இந்தப் படத்துக்குக் கொண்டுவந்தது. கையால் மலம் அள்ளுவதற்கு 2013இல் தடைச்சட்டம் வந்த பின்னும் அது நடப்பதை ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்தார். திரையிடலுக்குப் போலீஸ் அனுமதி மறுத்தது. படம் யூடியூபுக்குப் போய், அரங்குகளில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிடப் பலமடங்கு பேரை எட்டியது. 2017 ஜூலையில் பழைய மாணவர் போராட்ட வழக்கொன்றில் திவ்யபாரதி கைதானார், மிரட்டல்களும் வந்தன. இணையத்தில் படத்தைத் தடுப்பது கடினம். ஆனால் தனியறையில் படம் பார்த்தவருக்கு எழுந்த கேள்விக்குப் பக்கத்தில் இருந்து பதில் சொல்ல யாருமில்லை, அவர் கோபத்தைக் கோரிக்கையாக்கக் கூட்டமும் இல்லை.

ஆலை வாசலில்

தொழிற்சாலையைப் படமாக்குவதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: கேட் மூடியிருக்கும். மானேசரில் 2012இல் நடந்த மாருதி கலவரத்துக்குப் பின் சிறைப்பட்ட தொழிலாளர்களைப் பற்றி ராகுல் ராய் எடுத்த 'த ஃபேக்டரி' (2015), நீதிமன்ற வளாகத்திலும் வீடுகளிலும் போராட்டக் களத்திலும்தான் நகர்கிறது.

கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களே கேமராவைக் கையில் எடுத்ததும் உண்டு. பிரான்சின் பெஸான்சோன் நகரில் 1967இல் ரோடியாசெட்டா ஆலை வேலைநிறுத்தத்தைப் படமாக்கிய கிறிஸ் மார்க்கர், முடித்த படத்தைத் தொழிலாளர்களிடமே போட்டுக் காட்டினார். எங்களை வெளியாள் பார்வையில் காட்டியிருக்கிறீர்கள் என்று அவர்கள் குறை சொன்னார்கள். விளைவாகத் தொழிலாளர்களே கேமராவும் படத்தொகுப்பும் கற்று மெத்வெத்கின் குழுவாகத் திரண்டார்கள். கடிகார ஆலைப் பெண் தொழிலாளி ஒருவர் சங்கப் போராளியாக மாறுவதை அவர்கள் எடுத்த படம் காட்டுகிறது. அந்தக் குழு பிறந்தது ஒரு திரையிடலில் எழுந்த சண்டையில்.

சுங்குவார்சத்திரத்தில் 2021 டிசம்பரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாகக் கைபேசிகளில் வதந்தி பரவ, டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து விடியவிடிய மறித்தார்கள். சாவுச் செய்தி பொய். கெட்டுப்போன உணவும் நெரிசலான தங்குமிடமும் பொய்யல்ல. ஆப்பிள் நிறுவனமே அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆனால் பொய்யான பாதியைக் காட்டி மெய்யான பாதியை ஒதுக்க வழி கிடைத்தது. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார். அங்கே காட்சிக்குப் பஞ்சமில்லை. வந்ததைச் சரிபார்த்து, வரிசைப்படுத்தி, 'இது நடந்தது, இது நடக்கவில்லை' என்று பிரித்துச் சொல்லும் படத்தொகுப்பு மேசைதான் இல்லை.

2024 செப்டம்பர் 9 அன்று இதே தொழிற்பட்டையின் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் வேறு மாதிரி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆலைச் சீருடையிலேயே பந்தலில் அமர்ந்தார்கள். அக்டோபரில் போலீஸ் பந்தலைப் பிரித்தது, தலைவர்களைக் கைதுசெய்தது. 37ஆம் நாளில் போராட்டம் முடிவுக்கு வந்தது. சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. இங்கே சி.ஐ.டி.யு. என்ற தொழிற்சங்க அமைப்பு இருந்ததால், கைபேசியில் எடுத்த காட்சிக்குப் பக்கத்திலேயே கோரிக்கைப் பட்டியல் இருந்தது, அதைப் பேச ஆட்களும் இருந்தார்கள்.

அடுத்த கட்ட இயக்க ஆவணப்படத்துக்கு இந்தத் தொழிற்பட்டை வைக்கும் கேள்வி நடைமுறை சார்ந்தது. ஊர்ச் சாவடியில் வேட்டியைக் கட்டித் திரையிட்ட காலத்தில் பார்வையாளர் ஓரிடத்தில் வாழ்ந்தார். ஒரே மொழி பேசினார். இங்கே பார்வையாளர் ஷிப்ட் மாறி மாறி வருகிறார், கம்பெனி பேருந்தில் விடுதிக்குப் போகிறார். ஒப்பந்தத்தில் இருப்பவர் அடுத்த ஆண்டு வேறு ஆலையில் இருப்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்குத் தமிழ் வர்ணனை எட்டாது. ஆகவே படம் அரை மணிக்குள் அடங்க வேண்டும், இந்தியிலும் ஒடியாவிலும் குரல் வேண்டும், வார விடுமுறையில் சங்க அலுவலகத்திலோ வாடகை அறைகள் நிறைந்த தெருவிலோ திரை கட்ட வேண்டும். படம் முடிந்ததும் பி.எஃப். கணக்கையும் ஓவர்டைம் கணக்கையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.