விக்ரோலியில் இருந்து உல்லாஸ் பள்ளத்தாக்குக்கு சைக்கிள் பயணம்: 50 கி.மீ. சுற்றைத் திட்டமிடுவது எப்படி?

சைக்கிள் வாங்கி நாலைந்து மாதம் ஆகிவிட்டது. பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கம் ரவுண்டு அடித்தாச்சு, ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் தானே வரை போய் வந்தாச்சு. அடுத்து என்ன?

கட்டடம், சிக்னல், ஹாரன் எல்லாவற்றையும் தாண்டி வயலும் ஆறும் இருக்கிற சாலையில் ஒருநாள் மிதிக்க வேண்டும் என்று தோன்றுகிறதா? விக்ரோலிக்காரர்களுக்கு கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது உல்லாஸ் நதிப் பள்ளத்தாக்கு. நேரல், களம்ப், கஷேளே, கர்ஜத் என்ற நாலு ஊர்களைத் தொட்டு மறுபடி நேரலுக்கே வந்தால் சுமார் 50 கி.மீ. மிதமான சுற்றுதான். ஆனால் கூகுள் மேப்பில் கோடு போட்டுவிட்டு "போய்ப் பாத்துக்கலாம்" என்று கிளம்பும் இடம் இல்லை இது. ஏன் என்று பார்ப்போம்.

உல்லாஸ் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது?

லோனாவ்லா பக்கம் ராஜ்மாச்சி மலைப்பகுதியில் பிறக்கும் உல்லாஸ் நதி, கர்ஜத், நேரல், பத்லாபூர், கல்யாண் வழியாக வசாய் கழிமுகத்துக்குப் போகிறது. நீளம் சுமார் 120 கி.மீ. மேற்கே மாத்தேரான் மலை, கிழக்கே சஹ்யாத்ரி. நடுவில் இருக்கும் சமவெளியில்தான் நீங்கள் மிதிக்கப் போகிறீர்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு விசேஷம் உண்டு. மலைக்கு மேலே தோக்கர்வாடி அணையில் தேங்கும் தண்ணீர், டாடா நிறுவனம் 1922-ல் தொடங்கிய பிவ்புரி நீர்மின் நிலையத்துக்கு இறங்கி, டர்பைனைச் சுற்றிவிட்டு இங்கே ஆற்றில் சேர்கிறது. இயற்கையாக விட்டிருந்தால் கிழக்கே கிருஷ்ணா படுகைக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் இது. அதனால்தான் கோடையிலும் கஷேளே பக்கம் பேஜ் ஆற்றில் ஓட்டம் இருக்கிறது. மின் நிலையம் ஓடுவதைப் பொறுத்து அந்த ஓட்டம் கூடும், குறையும். அமைதியாக இருக்கிறதே என்று நடு ஆற்றில் இறங்கிக் குளிக்காதீர்கள்.

வீட்டில் இருந்தே மிதித்துப் போகலாமா?

போகலாம். ஆனால் அது 'மிதமான' பயணமாக இருக்காது. ஐரோலி பாலம், மஹாபே, ஷில்பாட்டா, கட்டை நாக்கா வழியாக பத்லாபூர் போகவே கிட்டத்தட்ட 50 கி.மீ. ஆகும். வழியெல்லாம் லாரி. போய்த் திரும்ப 100 கி.மீ., அதற்கு மேல் பள்ளத்தாக்குச் சுற்று. முதல் முயற்சிக்கு இது வேண்டாம்.

நடைமுறையான வழி இரண்டு. ஒன்று, நண்பர் காரில் சைக்கிளை மாட்டிக்கொண்டு நேரல் போய் அங்கிருந்து தொடங்குவது. இரண்டாவது, லோக்கல் ரயில். சைக்கிளோடு சாதாரணப் பெட்டியில் ஏற நினைக்காதீர்கள், லக்கேஜ் பெட்டிதான் வழி. லக்கேஜ் டிக்கெட், நேரக் கட்டுப்பாடு பற்றி முதல் நாளே ஸ்டேஷன் கவுண்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கர்ஜத் போகும் ஃபாஸ்ட் லோக்கல்கள் விக்ரோலியில் நிற்காது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தானேயில் பிளாட்பாரம் மாறுவதைவிட, விடியற்காலையில் தானே வரைக்கும் மிதித்துப் போய் அங்கேயே ஏறுவது சுலபம். சுமார் 12 கி.மீ. கால்களுக்கு நல்ல வார்ம்-அப் ஆகவும் இருக்கும்.

எந்தத் திசையில் சுற்றுவது?

முழுத் திட்டத்திலும் முக்கியமான முடிவு இதுதான். ரயில் பாதை பள்ளத்தாக்கின் மேற்கு ஓரமாகப் போகிறது: நேரல், பிவ்புரி ரோடு, கர்ஜத். கிழக்குப் பக்கம் களம்ப், கஷேளேயில் ரயில் இல்லை. அங்கே செயின் அறுந்தாலோ முழங்கால் வலித்தாலோ ஷேர் ஆட்டோவோ டெம்போவோதான் துணை.

அதனால் கடினமான பாதியை, உடம்பும் வெயிலும் நம் பக்கம் இருக்கும் காலையிலேயே முடித்துவிடுங்கள். கடிகாரச் சுற்றில் போனால் கணக்கு இப்படி வரும்:

• நேரல் – களம்ப்: சுமார் 13 கி.மீ. உல்லாஸைக் கடந்து கிழக்கே போகும் கிராமச் சாலை.
• களம்ப் – கஷேளே: சுமார் 10 கி.மீ. முர்பாட் – கர்ஜத் நெடுஞ்சாலை. சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், எதிரே சஹ்யாத்ரி.
• கஷேளே – கர்ஜத்: சுமார் 14 கி.மீ. அதே நெடுஞ்சாலை. கர்ஜத் சார் ஃபாட்டா சந்திப்பில் நெரிசல் இருக்கும்.
• கர்ஜத் – நேரல்: சுமார் 15 கி.மீ. பக்கத்திலேயே ரயில் பாதை.

இந்தத் திசையில் ஒரு குறை உண்டு. சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப வேண்டும், அதாவது எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். இருப்பது மூணே திருப்பங்கள்தான். சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது.

எங்கே திரும்புவது?

களம்ப்தான் முடிவெடுக்கும் இடம். அங்கே நின்று உங்களை நீங்களே கேளுங்கள்: மூச்சு, கால், சைக்கிள் மூன்றும் சரியா? இல்லையென்றால் 13 கி.மீ. திரும்பினால் நேரல் ஸ்டேஷன். கஷேளே போய்விட்டால் பின்னால் 23 கி.மீ., முன்னால் கர்ஜத் 14 கி.மீ. அதற்குமேல் திரும்புவதில் அர்த்தமில்லை.

கர்ஜத் அடுத்த வெளியேறும் கதவு. 37 கி.மீ. முடிந்திருக்கும், சோர்வாக இருந்தால் அங்கேயே ரயில் ஏறுங்கள். கொஞ்ச தூரம் மிதித்த பிறகு முடியவில்லையா? பிவ்புரி ரோடு ஸ்டேஷன் இருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், முடிச்சிடலாம்" என்ற பிடிவாதத்தில்தான் பல விபத்துகள் நடக்கின்றன. அதே மாதிரி, நேரலில் இருந்து மாத்தேரான் மலைச்சாலையையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை வரும். அது செங்குத்தான ஏற்றம். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

மணிக்கு 17 கி.மீ. வேகம் என்றால் 50 கி.மீ.க்கு மிதிக்கும் நேரம் மட்டும் மூணு மணி. டீ, போஹே, போட்டோ, ஒரு பஞ்சர் என்று 45 நிமிடம் சேருங்கள். நேரலில் 6:45-க்குத் தொடங்கினால் 10:30-க்கு முடியும். அதற்கு விக்ரோலியில் 5 மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் இருக்கிறதா என்று சனிக்கிழமையே பாருங்கள். பெரும்பாலும் முற்பகலில் தொடங்கி பிற்பகல் வரை நீளும். முடிந்தால் சனிக்கிழமை போவது உத்தமம். கர்ஜத் ரிசார்ட்டுகளுக்கு வரும் கார் கூட்டத்துக்கும் முன்னால் நீங்கள் சாலையைக் காலி செய்துவிடலாம்.

எந்த மாதம் போவது?

அக்டோபர் பாதியில் இருந்து பிப்ரவரி வரை. மார்ச்சுக்குப் பிறகு 10 மணி வெயிலே தாங்காது.

மழைக்காலத்தில் பள்ளத்தாக்கு பச்சைப் பசேல் என்று இருக்கும், இன்ஸ்டாகிராம் முழுக்க அருவிதான். ஆனால் இந்தப் பகுதியில் ஆண்டு மழை 3,000 மி.மீ.க்கு மேல். சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம், அதுவும் பெரும்பகுதி நாலே மாதத்தில்.

2019 ஜூலை 27 ஞாபகம் இருக்கிறதா? உல்லாஸ் பெருக்கெடுத்ததில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் பத்லாபூர் – வாங்கணி இடையே வெள்ளத்தில் சிக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகு வைத்து மீட்டார்கள். ஒரு முழு ரயிலுக்கே அந்தக் கதி. சைக்கிளுக்கு?

ராய்கட் அல்லது தானே மாவட்டத்துக்கு வானிலை மையம் ஆரஞ்சு, ரெட் அலர்ட் கொடுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் அது கணுக்கால் அளவு என்றாலும் கடக்காதீர்கள். இந்தச் சுற்றில் ஆற்றைக் கடக்காமல் மறுகரைக்கு வழியில்லை. காலையில் தாண்டிய பாலம் மதியம் மூழ்கியிருக்கலாம்.

என்னென்ன எடுத்துக்கொள்வது?

• ஹெல்மெட், முன் வெள்ளை விளக்கு, பின் சிவப்பு விளக்கு
• இரண்டு ட்யூப், டயர் லீவர், பம்ப், மல்டி-டூல். கிளம்பும் முன் வீட்டிலேயே ஒருமுறை ட்யூப் மாற்றிப் பழகுங்கள்
• இரண்டு பாட்டில் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், சிக்கி
• சில்லறையாக ரொக்கம், அடையாள அட்டை
• ஆஃப்லைனில் இறக்கிவைத்த வரைபடம்

அவசரத்துக்கு 112, ரயிலில் உதவிக்கு 139. வீட்டில் ஒருவரிடம் லைவ் லொகேஷனும், "11 மணிக்குள்ள போன் வரலைன்னா கூப்பிடுங்க" என்ற ஒரு வரியும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சுற்றை முடித்தபின் கர்ஜத் பக்கம் பெயர் பெற்ற வடா பாவ் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது. 37-வது கி.மீ.யில் ரயில் ஏறினவர்களுக்கும் அதே ருசிதான்.