வெளியூர்க்காரர் கட்டிய பல்கலைக்கழகம்

யூனிவர்சிட்டி என்பதை நாம் பல்கலைக்கழகம் என்று வழங்குகிறோம். பல கலைகளையும் கற்பிக்கும் கழகம் என்று பொருள். அழகான சொல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் மூலமான ‘யூனிவர்சிடாஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு 12, 13ஆம் நூற்றாண்டுகளில் கலையோடு தனிச் சம்பந்தம் எதுவும் கிடையாது. ஒரே தொழில் செய்பவர்கள், அல்லது ஒரே காரியத்துக்காகக் கூடியவர்கள், சத்தியம் செய்து ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அந்தக் கூட்டத்துக்கு யூனிவர்சிடாஸ் என்று பெயர். நேராகத் தமிழில் சொன்னால் ‘சங்கம்’. அவ்வளவுதான்.

அப்படியானால் அது யாருடைய சங்கம்? ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று போற்றப்படுவது இத்தாலியில் உள்ள பொலோன்யா. அங்கே அது வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்களின் சங்கம். உள்ளூர்ப் பிள்ளை பாடம் கேட்கலாம், சங்கத்தில் உறுப்பினராக முடியாது. பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் அதில் வாக்கு இல்லை.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, இந்த நாக்பூரில் நாற்பது வருடமாகப் பாத்திரக் கடை நடத்துகிறவன். சரித்திரப் புத்தகங்களைக் கடை சாத்தின பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். இந்தப் பொலோன்யா சமாசாரம் மட்டும் வியாபாரியான எனக்கு உடனே புரிந்தது. பிழைக்கப் போன ஊரில் சங்கம் எதற்கு என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

கடனுக்குக் காவல்

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலோன்யாவில் ரோமானியச் சட்டத்தைப் பாடமாகச் சொல்லத் தொடங்கினார்கள். இர்னேரியஸ் என்ற ஆசிரியர் பெயர் பெற்றவர். 1140ஐ ஒட்டி கிராசியன் என்பவர் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்தார். சட்டம் படித்தவனுக்கு அரசரிடமும் ஆயரிடமும் உத்தியோகம் நிச்சயம். ஆகவே ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று நாலா திசையிலிருந்தும் ஆட்கள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தார்கள். பலர் சின்னப் பையன்கள் அல்லர். இருபது இருபத்தைந்து வயது, கையில் பணம், ஊரில் செல்வாக்கு உடையவர்கள்.

வந்த இடத்தில் அவர்களுக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து இத்தாலிய நகரங்களில் சட்டம் அந்த ஊர்க் குடிமகனுக்குத்தான் பாதுகாப்பு. அதோடு ஒரு கொடிய வழக்கமும் இருந்தது. ஒரு ஊர்க்காரன் கடன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால், கடன் கொடுத்தவன் அதே ஊரைச் சேர்ந்த இன்னொருவனைப் பிடித்து அவன் சொத்தைப் பறித்துக்கொள்ளலாம். எவனோ பட்ட கடனுக்குப் படிக்க வந்தவன் பிணை! நாக்பூரில் ஒரு தமிழன் கடன் திருப்பவில்லை என்று என் கடைச் சரக்கை அள்ளிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

செந்தாடி என்ற பொருளில் பார்பரோசா என்று அழைக்கப்பட்ட பேரரசர் முதலாம் பிரெடெரிக்கிடம் இந்த முறையீடு போயிற்று. 1155ஐ ஒட்டி அவர் வழங்கி, 1158இல் உறுதி செய்த ஆணைக்கு ‘ஹபிதா’ என்று பெயர். கல்விக்காக ஊர் விட்டு ஊர் வருபவன் அச்சமின்றி வந்து தங்கலாம்; பிறர் கடனுக்காக அவனைப் பிடிக்கக் கூடாது; மீறிப் பறித்தால் நாலு மடங்கு திருப்ப வேண்டும்; அவன்மேல் வழக்கு வந்தால் தன் ஆசிரியர் முன்போ அந்நகர ஆயர் முன்போ விசாரிக்கும்படி கேட்கலாம். வெளிநாட்டு மாணவருக்கென்று ஐரோப்பாவில் எழுதப்பட்ட உரிமைகளில் இதுவே முன்னோடி என்று சொல்லலாம்.

வாடகையும் வாத்தியாரும்

ஆனால் பேரரசர் ஆணை ஏட்டில் இருந்தால் போதுமா? ஊரில் அதை நடத்திக்காட்ட ஆள் வேண்டுமே. 1200ஐ ஒட்டி மாணவர்கள் ஊர்வாரியாகச் சேர ஆரம்பித்தார்கள். அந்தக் குழுக்களை ‘நேசியோ’ என்றார்கள். பிறந்த மண்ணைக் குறிக்கும் சொல். இன்று நாம் நாட்டுக்குச் சொல்லும் ‘நேஷன்’ இதே சொல்தான். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் இவை இரண்டு பெரிய சங்கங்களாகத் திரண்டன. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் ஒன்று, மலைக்கு இப்பால் பிற இத்தாலிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒன்று. தலைவருக்கு ரெக்டர் என்று பெயர். இன்று ஐரோப்பாவில் துணைவேந்தர் நிலையில் இருப்பவரை ரெக்டர் என்கிறார்கள். அன்று அவர் ஒரு மாணவர்.

சங்கத்தின் முதல் வேலை வாடகை. மாணவர் தரப்பிலும் நகரத் தரப்பிலும் ஆட்களை நியமித்து வீடுகளுக்கு வாடகை நிர்ணயித்தார்கள். அதற்கு ஒப்பாத வீட்டுக்காரர் வீட்டில் எந்த மாணவனும் குடிபோகக் கூடாது என்று தடை விழும். இரண்டாவது புத்தகம். அச்சு இல்லாத காலம். ஒரு சட்டநூலின் விலை சாமானியமானதல்ல. மூல ஏட்டைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் வாடகைக்கு வாங்கிப் படியெடுத்துத் திருப்பிக் கொடுக்கும் முறை இருந்தது. பிழையில்லாமல் ஏடு இருக்கிறதா, வாடகை சரியா என்று பார்க்கச் சங்கம் ஆள் வைத்தது.

மூன்றாவதுதான் வேடிக்கை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் மாணவர் கையிலிருந்து வந்தது. ஆகவே சங்கத்துக்கு அடங்கி நடப்பதாக ஆசிரியர் சத்தியம் செய்ய வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் சங்க விதிகள் கிடைத்திருக்கின்றன. மணி அடித்த பிறகு வந்தால் அபராதம். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தால் அபராதம். இன்ன தேதிக்குள் நூலில் இன்ன இடம்வரை முடிக்காவிட்டால் அபராதம். ஐந்து பேராவது கேட்க வராவிட்டால் அன்று பாடமே நடத்தவில்லை என்று கணக்கு. ஒரு நாள் வெளியூர் போவதென்றாலும் அனுமதி வாங்க வேண்டும். இந்த அபராதங்களுக்கு ஜாமீனாக ஆசிரியர் முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டி வைக்க வேண்டும்! தேர்வு வைத்துத் தகுதி பார்க்கும் பொறுப்பு மட்டும் ஆசிரியர் குழுவிடம் இருந்தது.

பாரிஸ் நகரத்தில் கதை வேறு. அங்கே சங்கம் அமைத்தவர்கள் ஆசிரியர்கள். ஆனால் அவர்களும் பிரெஞ்சு, நார்மன், பிக்கார்டு, ஆங்கிலம் என்று நாலு ‘நேஷன்’களாகப் பிரிந்திருந்தார்கள். ஜெர்மானியரும் வடநாட்டாரும் கூட ஆங்கில நேஷனில்தான் அடக்கம். நம்மை எல்லாம் இங்கே ‘மதராசி’ என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டை கட்டும் ஆயுதம்

நகரத்தார் இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்? காரணம் எளிது. சங்கத்துக்கென்று கட்டடம் இல்லை. பாடம் ஆசிரியர் வீட்டிலோ வாடகைக் கூடத்திலோ நடக்கும். சங்கக் கூட்டம் கோயிலிலோ மடத்திலோ கூடும். சொத்து இல்லாதவனைக் கட்டிப்போட முடியாது. மனம் கசந்தால் மூட்டை கட்டிவிடுவார்கள். அவர்களோடு வீட்டு வாடகை, ரொட்டிக் கடை, மதுக் கடை, ஏடு எழுதுபவன் பிழைப்பு எல்லாம் போய்விடும். சங்கத்தார் ஊரைவிட்டுப் போகச் சத்தியம் செய்வது குற்றம் என்று நகரம் சட்டம் போட்டுப் பார்த்தது. போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியஸ் மாணவர் பக்கம் நின்றார்.

1204இல் ஒரு கூட்டம் விசென்சாவுக்குப் போயிற்று. 1222இல் போன கூட்டத்தால் உண்டானதுதான் பதுவாப் பல்கலைக்கழகம். நம் ஊரில் கோடி அற்புதர் பதுவை அந்தோனியார் என்கிறோமே, அதே பதுவை. 1321இல் ஒரு மாணவருக்கு மரண தண்டனை நிறைவேற்றியதைக் கண்டித்துப் பெருங்கூட்டம் சியென்னா நகருக்குக் கிளம்பியது. பிறகு பலர் சமாதானமாகித் திரும்பினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எல்லாத் துறைகளும் ஒன்றாக அமையும்படி ஒரு சொந்தக் கட்டடம் எழுந்தது 1563இல்தான். இன்றும் அதன் சுவர்களிலும் விதானங்களிலும் மாணவர்களின் ஆயிரக்கணக்கான குடும்பச் சின்னங்களைக் காணலாம், ஊர்ப் பெயரோடு.

இரண்டு 1088

பொலோன்யா தொடங்கிய ஆண்டு 1088 என்பார்கள். உண்மையில் அப்படி ஒரு திறப்பு விழா நடக்கவில்லை. 1888இல் எண்ணூறாம் ஆண்டு விழா கொண்டாட வேண்டி, கவிஞர் கார்டூச்சி தலைமையில் அமைந்த குழு பின்னால் வைத்த தேதி அது.

ஆனால் அதே 1088க்கு நம்மிடம் கல்லில் எழுதிய சான்று ஒன்று இருக்கிறது. சுமத்ராத் தீவில் பாருஸ் துறைமுகத்தை அடுத்த லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010 மாசி மாதத்தைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் கூட்டத்தார் அங்கே கூடி, வரும் மரக்கலத்தார் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாக ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று விதி செய்ததைச் சொல்வது. இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் சரித்திரம் ஆகாது. ஆனால் அயலூரில் ஒண்டியாக நிற்பவன் என்ன செய்வான் என்பதில் சுமத்ராவின் தமிழ் வணிகனும் பொலோன்யாவின் ஜெர்மன் மாணவனும் ஒரே விடையைத்தான் கண்டிருக்கிறார்கள். கூடு, விதி எழுது, பணம் போடு.

கல்விக்கு நம் பக்கத்தில் வழங்கும் பழைய சொல் பள்ளி. படுக்கை, தங்குமிடம் என்பது அதன் முதற்பொருள். சமணத் துறவிகள் குன்றுகளில் வெட்டிய கற்படுக்கைகளோடு கூடிய உறைவிடமும் பள்ளிதான். அதற்குக் கொடுத்த நிலம் பள்ளிச்சந்தம். அங்கே கல்வி கொடையாளியின் நிழலில் வளர்ந்தது. பொலோன்யாவில் கற்பவனே காசு போட்டான். ஆகவே கற்பவனே ஆண்டான்.

கோப்பர்நிக்கஸ் கட்டிய சந்தா

பொலோன்யாவின் ஜெர்மன் நேஷன் எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. யார் சேர்ந்தார், எவ்வளவு சந்தா என்று பேரேடு மாதிரி வரிசையாக. அதில் ஒரு பெயர், இன்று போலந்தில் இருக்கும் தோர்ன் நகரத்து நிக்கோலாஸ். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று பின்னாளில் எழுதிய கோப்பர்நிக்கஸ்தான் அவர். 1496இல், 23 வயதில், மாமன் ஆயர் அனுப்பித் திருச்சபைச் சட்டம் படிக்க வந்தார். வந்த இடத்தில் தொமேனிக்கோ மரியா நொவாரா என்ற வானியல் ஆசிரியரோடு பழகினார். 1497 மார்ச் 9 அன்று ரோகிணி நட்சத்திரத்தைச் சந்திரன் மறைத்ததை அங்கே பார்த்துக் குறித்துக்கொண்டார்.

1499இல் அவருக்கும் அண்ணன் ஆந்திரேயாசுக்கும் கைக்காசு தீர்ந்துபோயிற்று. ரோமாபுரியில் இருந்த அவர்கள் மறைமாவட்டப் பிரதிநிதி கடன் வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றினார். மாதக் கடைசியில் ‘அப்பா, கொஞ்சம் பணம் அனுப்புங்க’ என்று போன் வந்தால் பெற்றோர் பதறக் கூடாது. பெரிய பெயர் பெற்றவர்களும் இதே பாடு பட்டவர்கள்தான்.

கல்லா கை மாறியது

மாணவர் ஆட்சி ஏன் நிலைக்கவில்லை? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலோன்யா நகரமே ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. ஆசிரியர் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது நகரத்தின் எண்ணம். மாணவர்களுக்கும் செலவு மிச்சம்; மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் சம்பளம் கொடுப்பவன் யாரோ அவன்தான் முதலாளி. மெல்ல மெல்ல நியமனம் நகரத்தின் கைக்குப் போயிற்று. ரெக்டர் பதவி மரியாதைப் பதவியாகத் தேய்ந்தது. யாரும் சண்டை போட்டுப் பறிக்கவில்லை. கல்லாப் பெட்டி கை மாறியதும் அதிகாரமும் கூடவே போய்விட்டது.

இப்போது கணக்கு தலைகீழ். 1999 ஜூன் 19 அன்று அதே பொலோன்யாவில் 29 நாடுகள் கையெழுத்திட்டு, பட்டங்களை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி அமைக்க ஒப்புக்கொண்டன. ஆண்டுக்கு 60 கிரெடிட் என்ற கணக்கு பரவலானது. ஒரு நாட்டில் படித்தது மற்ற நாட்டில் செல்லுபடியாக இது வழி. நம் பிள்ளைகளுக்கும் இதனால் லாபம் உண்டு. ஆனால் ஜெர்மனி போகும் பிள்ளை ஒரு வருடச் செலவுக்கான பணம் இருக்கிறது என்று விசாவுக்கே கணக்குக் காட்ட வேண்டும். அதற்காகப் பலரும் வங்கியில் முடக்கி வைக்கும் தொகையை 2024 செப்டம்பரில் 11,904 யூரோ என்று வைத்தார்கள். மாதா மாதம் இவ்வளவு என்றுதான் எடுக்கலாம். அன்று ஆசிரியர் மாணவனிடம் ஜாமீன் கட்டினார். இன்று மாணவன் அரசாங்கத்துக்கு ஜாமீன் காட்டுகிறான்.

பழைய பெருமையையும் மிகைப்படுத்த வேண்டாம். அந்தச் சங்கம் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. பெண்களுக்கு இடமில்லை, ஏழைக்குப் பயணச் செலவே கட்டாது. அந்த வகையில் இன்றைய ஐரோப்பா எவ்வளவோ மேல். நம் வீட்டுப் பெண்கள் தனியாகப் போய்ப் படித்துத் திரும்புகிறார்கள்.

நம் சங்கக் குடும்பங்களில் இப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் சொல்வேன். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கு. முன்பணத்துக்கு ரசீது வாங்கு. போன வாரமே மாணவர் சங்கம் எங்கே என்று விசாரித்துச் சேர். வீடு, மருத்துவக் காப்பீடு, விசா நீட்டிப்பு எதுவானாலும் முன்பு போனவன் சொல்வதுதான் உதவும். நம் ஊர்க்காரரோடு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடாதே. ஜெர்மன் நேஷனில் சந்தா கட்டிய கோப்பர்நிக்கசுக்கு வானம் காட்டியவர் ஒரு இத்தாலியர்.

முக்கியமாக, தலை குனிந்து நிற்காதே. இங்கே பள்ளி மாற்றிப் படித்த நம் பிள்ளைகளுக்கு ‘நீ வெளியாள்’ என்ற பார்வை புதிதல்ல. அங்கேயும் ஒரு அலுவலக ஜன்னலில் அந்தப் பார்வை கிடைக்கலாம். அப்போது நினைத்துக்கொள்: அந்தக் கட்டடத்தின் வாசலில் எழுதியிருக்கிற ‘யூனிவர்சிட்டி’ என்ற சொல்லே உன்னைப் போன்ற வெளியூர்க்காரன் வாடகைக்கும் கடனுக்கும் பயந்து கூடிய கூட்டத்தின் பெயர். நீ அங்கே விருந்தாளி அல்ல. அந்தச் சொல்லை உண்டாக்கினவர்களின் வாரிசு.